வெட்டுப்பட்ட சில்வர் ஓக்கும் அவசரக்கார லைப்ரரியும்

சமவெளியில் ஓடுகிற ஒரு பொருள் மலைக்கு வந்து நின்றுபோனால், தப்பு மலையின் மேல்தான். இது சமவெளிக்காரர்களின் சட்டம். சைக்கிள் செயின் கழன்றால் ஏற்றம் காரணம். ரேடியோ கரகரத்தால் மூடுபனி காரணம். புதுச் செருப்பு காலைக் கடித்தால்கூட, "உங்க ஊர் ரோடு அப்பிடிங்க" என்று சொல்லிவிடுவார்கள். இந்தச் சட்டத்தை நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து எதிர்த்து வருகிறேன். ஒரே ஒரு வாரம் மட்டும் நம்பித் தொலைத்தேன். அந்த ஒரு வாரத்தில் ஒரு மரம் போயிற்று, ஒரு ரோட்டின் டெலிபோன்கள் அத்தனையும் போயின, என் பெயரும் போயிற்று. மரமும் டெலிபோனும் திரும்பி வந்துவிட்டன. பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காட்டு மலையில் வாழவந்தி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போன முதல் ஆள் நான்தான். (வெளியே வரை போனவர்கள் உண்டு. அப்பா அதற்குக் கூரை வேய்ந்திருக்கிறார்.) ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, அங்கேயே ஒரு மாடியறைக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது என் தலைக்கனத்தை இறக்கிவைக்கத் தனியாக ஒரு லாரி தேவைப்பட்டது. புரோகிராம்களைப் பதிந்த பிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். ஆரஞ்சுக் கூடையோடு பக்கத்தில் உட்கார வருகிறவரிடம், "இதுல காந்தம் பட்டா எல்லாம் அழிஞ்சுருங்க" என்பேன். ஆரஞ்சில் எங்கே காந்தம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. படித்த புள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கொண்டை ஊசி வளைவு அத்தனையும் நின்றுகொண்டே வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் இன்னும் ஒரு கும்பிடு பாக்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் வேலை கிடைத்தது. மலையில் தினமும் பறிக்கிற பழத்தின் எடையை, சாயங்காலமே சேலத்தில் இருக்கிற அவர்களுடைய ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நடேசன்தான் டெலிபோனில் ஒவ்வொரு எண்ணாகக் கத்துவார். ஏழு என்று இவர் கத்தினால் அந்தப் பக்கம் ஏழு என்று கத்தி, அது எட்டா என்று இவர் மறுபடி கேட்டு, சந்தையில் மாடு விலை பேசுகிற மாதிரி இருக்கும். இனிமேல் மனிதர்கள் கத்த வேண்டாம், இங்கே ஒரு கம்ப்யூட்டர், அங்கே ஒரு கம்ப்யூட்டர், நடுவில் டெலிபோன் கம்பி, இரண்டும் தாங்களாகவே பேசிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. அந்த எஸ்டேட்டில்தான் என் அம்மா கூலிக்குக் காபிப் பழம் பறித்தாள். அதே எஸ்டேட்டின் ஆபீஸ் வாசல் வழியாக நான் பிளாப்பி டப்பாவோடு நுழைந்தபோது, என் நடையைப் பார்த்தவர்கள் எஸ்டேட்டை விலை பேச வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்பா சும்மா இருந்தாரா? வாழவந்தி பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, "எம் புள்ள ஏற்காட்டு மெசினையும் சேலத்து மெசினையும் பேச வெக்கப் போவுதுங்க" என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என் படிப்பைப் பற்றி எப்போதும் ஒரே கருத்து வைத்திருக்கும் என் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டார். அந்தச் செலவுக்கு ரெண்டு எருமை வாங்கிக் கட்டியிருந்தால் இந்நேரம் நாலாயிருக்கும் என்பது அவர் கருத்து.

இப்போது லைப்ரரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. கடையில் மசாலாப் பொடி வாங்குவதுபோல, சில வேலைகளுக்கு யாரோ எழுதிவைத்த துண்டுகளை வாங்கித் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வார்கள். அதற்குத்தான் லைப்ரரி என்று பெயர். டெலிபோனில் கூப்பிடுவது, அந்தப் பக்கத்தோடு பேசுவது, முடிந்ததும் லைனை வைப்பது என்று எல்லாம் செய்கிற ஒரு லைப்ரரியை எங்கள் முதலாளி ராஜகோபால் சார் வெளியூரிலிருந்து தருவித்திருந்தார். நாமே அரைக்க வேண்டாம் என்பது கடைப் பொடியின் சௌகரியம். கல் இருந்தால் கடிபடுவது நம் பல் என்பது அதன் அசௌகரியம்.

சேலத்தில் இரண்டு ஆபீஸ்களுக்கு நடுவே டெலிபோனில் சோதித்தபோது, அண்ணன் தம்பி மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களும் பேசிக்கொண்டன. திங்கட்கிழமை ஏற்காட்டில் போட்டேன். மோடம் என்கிற சின்னப் பெட்டி சேலத்தைக் கூப்பிட்டது. அந்தப் பக்கம் எடுத்தது. இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டன. திரையில் 'தொடர்பு கிடைத்தது' என்று வந்தது. நான் ரைட்டரைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பதற்குள் 'தொடர்பு அறுந்தது' என்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். கீச்சு, கிடைத்தது, அறுந்தது. அன்றைக்கு முழுக்க இதே கதைதான்.

ரைட்டர் நடேசன் சேலத்துக்காரர். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்து, சாயங்காலமானால் பழைய வேட்டியால் மூடிவைப்பவர். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கோழிய அமுக்குனாப்ல ஒரு சத்தம் போடுது, அப்பறம் செத்துப்போவுது. இது சகுனம் நல்லால்லியே" என்றார்.

நான் ராஜகோபால் சாருக்குப் போன் போட்டேன். அப்போது நான் சொன்ன வாக்கியத்தை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

"சார், லைப்ரரியில தப்பு இருக்குங்க."

சார் சிரித்தார். அந்த லைப்ரரி சீல் வைத்த டப்பாவில் வந்தது, எத்தனையோ பெரிய கம்பெனிகள் வாங்குகின்றன, அதில் தப்பு கண்டுபிடிக்க நீ யார் என்பதை மரியாதையான வார்த்தைகளில் சொன்னார். பிறகு சட்டத்துக்கு வந்தார். "இங்க ஓடுது. அங்க ஓடல. அப்ப தப்பு எங்க? மலையிலதானம்மா."

மழை, பனி, ஈரம், பழைய கம்பி என்று மலையின் குற்றப் பட்டியலை வாசித்தார். சனிக்கிழமை எஸ்டேட் முதலாளி வேறு எஸ்டேட்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போகிறார், அதற்குள் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மலை வேலை முழுவதையும் பாஸ்கரிடம் கொடுத்துவிட்டு நான் கீழே வந்து டேட்டா என்ட்ரி நாற்காலியில் உட்காரலாம் என்றார். பாஸ்கர் எங்கள் ஆபீசில் எனக்கு ஒரு வருஷம் மூத்த புரோகிராமர். டேட்டா என்ட்ரி என்பது யாரோ எழுதிக்கொடுத்த எண்களை நாள் முழுக்கத் தட்டுகிற வேலை. அதற்காகவா நான் படித்தேன்? இதைவிட எருமை எவ்வளவோ மேல். எருமையிடமாவது பேசலாம்.

சாயங்காலம் வாழவந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் பத்துப் பேர் நின்றார்கள். "பேசுச்சா கண்ணு?"

"நாளைக்குப் பேசும்" என்றேன்.

மறுநாளும் பேசவில்லை. இப்போதுதான் என் சரிவு ஆரம்பம். திங்கட்கிழமை லைப்ரரியைச் சந்தேகித்த நான், செவ்வாய்க்கிழமை கேபிளைச் சந்தேகித்தேன். மாற்றினேன். ஈரத்தைச் சந்தேகித்தேன். மோடத்தைக் கம்பளியில் சுற்றிக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். (பிரசவித்த பெண்ணுக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு கவனிப்பு கிடையாது.) ரைட்டர் தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். புதன்கிழமை சாரிடமிருந்து போன் வந்தது. "மலையில என்னன்னு பாத்தியா?" என்ற ஒரே கேள்விதான். அதைக் கேட்டுக் கேட்டு நானும் ஜன்னல் வழியாக மலையை முறைக்க ஆரம்பித்தேன். அந்த ஜன்னலில் மூட்டம் விலகுகிற நேரத்தில் கீழே சேலம் முழுக்கத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற ஊரோடு பேச முடியவில்லையே என்று வயிறு எரிந்தது. அப்படி முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மரம் கண்ணில் பட்டது.

ஆபீசுக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக். காபிக்கு நிழலுக்காக வளர்த்த மரம். அடியிலிருந்து நுனிவரை மிளகுக்கொடி. அதன் ஒரு கிளை காற்றடிக்கும்போதெல்லாம் ஒரு கம்பியை உரசிக்கொண்டிருந்தது. கிளை, கம்பி, உரசல். எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ரைட்டரும் குதூகலமானார். அந்த மரத்தின் சருகு பக்கத்திலிருக்கும் தன் ஊட்டுக் கூரையை அடைப்பதாக அவருக்குப் பழைய விரோதம் இருந்தது. எஸ்டேட் முதலாளி சேலத்தில் இருக்கிறார், வந்ததும் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் எஸ்டேட்டில் நிழல் மரத்தின் கிளைகளைக் கழிக்கிறவர்கள்தான். வியாழக்கிழமை காலையில் அப்பாவையே அருவாளோடு கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இது நிழல் கழிக்கற மாசமில்லியே சாமி" என்றார்.

"இது நிழலுக்கு இல்லீங்கப்பா, டேட்டாவுக்கு" என்றேன்.

அந்தப் பதிலில் இருந்த ஞானத்துக்கு மரியாதை கொடுத்து அப்பா மரத்தில் ஏறினார். நான் கீழே நின்றேன். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு, 'இந்தப் பக்கம் வெட்டுங்க, அந்தப் பக்கம் தள்ளுங்க' என்று உத்தரவு வேறு. அப்பாவுக்கு மரத்தைத் தெரியும், கயிறு கட்டி இறக்க வேண்டும் என்றார். நேரமில்லை என்றேன். கயிறு இல்லாமலே கிளை இறங்கியது. போகிற வழியில் மரத்தின் பாதித் தலையையும் மிளகுக்கொடியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து, மறுபக்கத்தில் போன இன்னொரு கம்பியின் மேல் படுத்தது. அந்தக் கம்பி இரண்டு கம்பத்தை வளைத்துக்கொண்டு தரைக்கு வந்தது.

பிறகு தெரிந்த விஷயங்கள் இவை. மரம் உரசிக்கொண்டிருந்தது, எந்தக் காலத்திலோ எதற்கோ இழுத்துக் கட்டி அப்படியே மறந்துபோன ஒரு வெறுங்கம்பி. அது எந்த ஊரோடும் எதையும் பேசியதில்லை. உயிருள்ள டெலிபோன் கம்பி மறுபக்கம் பத்திரமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் வருகிறவரை.

எஸ்டேட் டெலிபோன் செத்தது. அந்த ரோட்டில் இருந்த பங்களாக்களின் டெலிபோன்கள் செத்தன. சேலத்துக்குப் பேச வேண்டியவர்கள் எல்லாம் ஏற்காட்டுக் கடைவீதிக்கு நடந்தார்கள். போகும்போது எங்கள் கேட்டில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை விடாத மழை. லைன்மேன் வரவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கினால் அன்றைக்குக் கேள்வி மாறியிருந்தது. "மெசினு பேசறது இருக்கட்டும் கண்ணு, மனுசங்க பேசறதும் நின்னுபோச்சாமே?" கேட்டவர் பெரியப்பா.

சனிக்கிழமை காலையில் லைன்மேன் வந்தார். முறைத்துக்கொண்டே கம்பியை ஏற்றிக் கட்டிவிட்டு, யாராவது பேசிப் பாருங்க என்றார். கிளைகளை அப்புறப்படுத்த அப்பாவும் வந்திருந்தார். நான் செய்த அழிவுக்கு ஒரு பரிகாரமாக, சரியான லைனில் முதலில் என் அப்பா பேசட்டும் என்று நினைத்தேன். சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் வேலை செய்கிற என் மாமாவுக்குப் போன் போட்டு, அவர் லைனுக்கு வந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அதுவரை டெலிபோனைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, எதிர்ச் சரிவில் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"மச்சான், நாந்தான் பேசறன். மரம் உளுந்துபோச்சு. புள்ள நல்லாருக்குது. எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார்.

"மாமா என்னங்கப்பா சொன்னாரு?"

"அவரு என்னத்தச் சொல்றது? சொல்ல வேண்டியத நாஞ் சொல்லிப்போட்டன்."

"பதிலுக்கு நிக்க வேண்டாங்களா?"

"பதிலு வர்றப்ப வரும் கண்ணு. கத்திப்போட்டு அங்கியே நின்னுட்டிருந்தா காட்டு வேலைய ஆரு பாக்கறது?"

எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படித்தான். இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு, 'நாளைக்குக் களை வெட்டு, ரெண்டு ஆளு வா' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். பதில் மத்தியானம் வரும், அல்லது ஆளே வந்து நிற்கும். லைன்மேன் தலையில் அடித்துக்கொண்டார். ரைட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

கூப்பிட்டது. அந்தப் பக்கம் எடுத்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னது. பதில் வருவதற்குள் வைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவைத்தான்!

லைப்ரரியோடு, அது எழுதப்பட்ட விதத்தைக் காட்டும் இன்னொரு பிளாப்பியும் வந்திருந்தது. அதன் சீலை உடைக்கக்கூடாது என்பது சாரின் உத்தரவு. உடைத்தேன். பதிலுக்குக் காத்திருக்கிற இடத்தைத் தேடி எடுத்தேன். சாதாரணமாக அங்கே கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை வினாடி பொறு என்று எழுதியிருக்க வேண்டும். இதை எழுதிய மகராசன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு பெரிய எண் வரைக்கும் எண்ணு, அதற்குள் பதில் வராவிட்டால் லைனை வை என்று எழுதியிருந்தான். கண்ணாமூச்சியில் தூணில் முகம் வைத்து நூறு எண்ணுகிற பிள்ளை மாதிரி. நிதானமான பிள்ளை எண்ணினால் மற்றவர்கள் ஒளிய நேரம் கிடைக்கும். அவசரக்காரப் பிள்ளை எண்ணினால் ஒருவரும் நகர்ந்திருக்கக்கூட மாட்டார்கள்.

சேலத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் கிழடுகள். மெதுவாக எண்ணின. எண்ணி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எஸ்டேட் முதலாளி வாங்கியிருந்ததோ அந்த வருஷம் வந்த புத்தம் புதிய கம்ப்யூட்டர். மலையிலேயே வேகமானது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது அத்தனை எண்ணையும் கண் இமைப்பதற்குள் எண்ணிவிட்டுப் போனை வைத்துக்கொண்டிருந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை. மலை ஒரு பாவமும் அறியாது.

அப்போது வந்த கம்ப்யூட்டர்களின் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் வேகம் பாதியாகும், மறுபடி அமுக்கினால் பழையபடி ஆகும். மேலே ஒரு பச்சை எண் வேகத்தைக் காட்டும். ரைட்டர் வைத்த குங்குமத்தின் மேலேயே அமுக்கினேன். பச்சையில் 66 என்று இருந்தது 33 ஆனது. சேலத்தைக் கூப்பிட்டேன். கீச்சு. தொடர்பு கிடைத்தது. அறுக்கவில்லை. பதில் வந்தது. எடைக் கணக்கு முழுவதும் போய்ச் சேர்ந்தது என்று சேலம் எழுத்தில் சொன்னது.

நான் பேச வாயெடுப்பதற்குள் ரைட்டர் கையைத் தட்டினார். "பாத்தியா கண்ணு, மரத்த வெட்டுனதும் வாயத் தொறந்துருச்சு!" இது நடக்கும்போது வெளியே ஜீப் சத்தம். அவர் கேட்டுக்கு ஓடிவிட்டார்.

எஸ்டேட் முதலாளியும், அவர் சிநேகிதர்கள் மூன்று பேரும், ராஜகோபால் சாரும், பாஸ்கரும் இறங்கினார்கள். முதலாளி பாதித் தலை போன மரத்தைப் பார்த்து அப்படியே நின்றார். அது அவருடைய அப்பா வைத்த மரம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரைட்டர் முந்திக்கொண்டு, அந்த மரம்தான் இத்தனை நாளாகக் கம்ப்யூட்டரைப் பேசவிடாமல் தடுத்தது, வெட்டியதும் சேலம் பேசிவிட்டது என்று விளக்கினார். முதலாளியின் முகம் மெல்ல இளகியது. காரணத்தோடுதான் வெட்டியிருக்கிறார்கள், போகட்டும் என்றார்.

எவ்வளவு அழகான முடிவு பாருங்கள். மரத்துக்கு மன்னிப்பு. எனக்கு வேலை. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டில் மானம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். டர்போ பட்டனை அப்படியே விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வாசலில் அருவாளோடு நின்ற அப்பாவும், 'சும்மா இரு சாமி' என்று கண்ணால் சொன்னார். நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாக.

ராஜகோபால் சார் மட்டும் மூடிக்கொள்ளவில்லை. "நான்தான் மொத நாளே சொன்னனுங்களே. எங்க லைப்ரரியில தப்பே வராதுங்க. எல்லாம் மலையாலதான். இந்தப் பொண்ணு மலைக்காரப் பொண்ணு, கேக்க மாட்டேன்னுச்சு. கடைசில ஒத்துக்கிட்டுது பாருங்க."

ஒத்துக்கிட்டுதாமே.

"ஒரு நிமிசங்க ஐயா" என்றேன். பட்டனை அமுக்கினேன். 66. சேலத்தைக் கூப்பிட்டேன். கீச்சு, கிடைத்தது, அறுந்தது. மறுபடி அமுக்கினேன். 33. கூப்பிட்டேன். பேசியது. இன்னொரு தடவை இதே மாதிரி செய்து காட்டினேன். பாஸ்கர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"மரத்து மேல தப்பில்லீங்க. மலை மேலயும் தப்பில்லீங்க. லைப்ரரியிலதான் தப்பு. பொறுத்திருக்கத் தெரியாம எழுதியிருக்காங்க. உங்க மெசினு வேகமா இருக்கறதால அது வெளிய தெரிஞ்சுபோச்சுங்க."

சிநேகிதர்களில் ஒருவர் முதலாளியின் தோளைத் தட்டினார். "ஏப்பா, உம் மெசினு நொம்ப வேகம்னு ஜீப்புல பூராவும் சொல்லிட்டு வந்தியே. அதான் சீக்காமா?"

முதலாளி சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பா வெச்ச மரத்த எதுக்கும்மா வெட்டுன?"

வழக்கில் ஜெயித்த அதே மூச்சில் தூக்குத்தண்டனை வாங்கிய ஒரே வக்கீல் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் பதில் தயாராக இருந்தது, அது வெளியே வந்தும்விட்டது.

"இவங்க எல்லாரும் மலையிலதான் தப்புன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டனுங்க. இனிமே நம்ப மாட்டேன்."

முதலாளி இரண்டு தீர்ப்புச் சொன்னார். தன் கம்ப்யூட்டர் பாதி வேகத்தில் ஓடாது, வேகமாக ஓடத்தான் வாங்கியது, ஆகவே சார் அந்த லைப்ரரியைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். நான் அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்று நட்டு, அது பிடிக்கிறவரை வந்து பார்க்க வேண்டும். அப்பா அன்றைக்கே குழி தோண்டிவிட்டார். கன்றை நான் நட்டேன். சிநேகிதர்கள் மூவரும் காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

திங்கட்கிழமை நான் டேட்டா என்ட்ரி நாற்காலியில் உட்கார்ந்தேன். சீலை உடைத்ததற்கும், வாடிக்கையாளர் முன்னால் எதிர்த்துப் பேசியதற்குமாம். நாள் முழுக்க எண்களைத் தட்டினேன், நிமிர்ந்து உட்கார்ந்தே தட்டினேன். சார் லைப்ரரிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். இப்படி ஒரு புகார் வேறெங்கிருந்தும் வரவில்லை, உங்கள் பகுதியின் தட்பவெப்பத்தைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. சட்டம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள். பாஸ்கர் இரண்டு தடவை மலைக்குப் போய், பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். கடைசியில் எஸ்டேட்டிலிருந்தே போன் வந்தது. சார் ரிசீவரைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வேற ஆரும் வேண்டாங்க. அந்த மரம் வெட்டுன பொண்ண அனுப்புங்க."

போனேன். லைப்ரரிக்குள் எண்ணுகிற வரிகளை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கிற வரிகளை எழுதினேன். ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வரிகள்தான். எஸ்டேட் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் சேலத்தோடு பேசியது, இன்றுவரை பேசுகிறது. மலை வேலை முழுவதும் என்னிடமே வந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி, "பேசிருச்சுங்க" என்று நானே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பெரியப்பா மட்டும், "இந்தத் தடவ எந்த மரம்?" என்று கேட்டார்.

அதிலிருந்து 'மரம் வெட்டுன பொண்ணு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊட்டில் இன்றைக்கும் டிவி படம் நடுங்கினால், மிக்ஸி உறுமினால், அம்மா அடுப்படியிலிருந்தே, "அருவா எடுத்தாரட்டுமா கண்ணு?" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி, "ஏனுங்க, மரம் வெட்டுன பொண்ணு இதுதானுங்களா?" என்றார். ஆமாங்க, ஆனா தப்பு லைப்ரரியிலங்க என்று நானே நடு வாசலில் வந்து நின்று முழுக் கதையையும் சொன்னேன். கண்ணாமூச்சி உதாரணம் உட்பட. அந்தச் சம்பந்தம் அதற்கப்புறம் தகவல் சொல்லவில்லை. சமவெளிக்காரர்கள். மலைதான் காரணம் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் நட்ட கன்று இப்போது ஆபீஸ் கூரையைத் தாண்டிவிட்டது. ரைட்டர் சருகைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாழவந்திக்கும் டெலிபோன் பூத் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சேலத்துக்கு எனக்குப் போன் போடுவார். "கண்ணு, நாந்தான். மழை பேயுது. அம்மா நல்லாருக்குது. சாப்பிட்டுப்போட்டுத் தூங்கு" என்பார். நான் 'அப்பா' என்பதற்குள் டொக்கென்று வைத்துவிடுவார்.

லைப்ரரியைத் திருத்திவிட்டேன். அப்பாவை முடியவில்லை.